பேய்க்கு வாசித்த கதை

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் சென்ற ஆண்டுக் கூடுகையில், நாடகக் குழு மற்றும் இசைக் குழு மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "நீ ஏதோ பேய் மியூசிக் எல்லாம் போடுறியாமே, வந்து அரை மணி நேரம் பேசு" என்றார். "சார், நான் மெக்கானிக்கல். பம்பு, மோட்டார், அதிர்வு, இதுதான் என் பிழைப்பு. ராத்திரியில் பொழுதுபோக்காக ஏதோ செய்கிறேன், குறும்படம் எடுக்கிற பையன்கள் நாலு பேர் கேட்டு வாங்கிப் போகிறார்கள், அவ்வளவுதான்" என்றேன். "பம்பைப் பற்றிப் பேச ஆள் நிறைய இருக்கு, நீ பேயைப் பற்றிப் பேசு" என்று சொல்லி வைத்துவிட்டார். ஆகவே, வந்து நிற்கிறேன்.

டிஸ்கோ ஆடிய பேய்

இந்த அரங்கத்துக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 2008-ல் விடுதி நாள் விழாவில் இதே மேடையில் எங்கள் பிளாக் ஒரு பேய் நாடகம் போட்டது. பின்னணி இசை அடியேன். கடன் வாங்கிய கீபோர்டு ஒன்று; அதில் காற்று ஊளையிடும் சத்தம், இடி, சர்ச் ஆர்கன் எல்லாம் இருந்தன. திரை விலகிய நொடியிலிருந்து ஒன்று விடாமல் எல்லாவற்றையும் வாசித்தேன். கதாநாயகன் தண்ணீர் குடித்தால் இடி. செருப்பைக் கழற்றினால் ஆர்கன். இருபது நிமிடம் கழித்துப் பேய் வந்தது. வெள்ளைப் போர்வை, முகத்தில் பவுடர், நல்ல மேக்கப். அந்த நேரம் பார்த்து என் சுண்டுவிரல் 'ரிதம் ஸ்டார்ட்' பொத்தானில் பட்டுவிட்டது. டிஸ்கோ பீட் ஆரம்பித்தது. நிறுத்தத் தெரியாமல் நான் தடவ, பேயாக நடித்த நண்பன் சமயோசிதமாக நாலு ஸ்டெப் ஆடினான். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. இறுதியாண்டு வரைக்கும் என் பெயர் 'டிஸ்கோ பேய்'தான். இங்கே முன்வரிசையில் இரண்டு பேர் இப்போதே சிரிக்கிறார்கள், பாருங்கள்.

ரொம்ப நாள் வரைக்கும் அந்தப் பொத்தானால்தான் நாடகம் போச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது இல்லை. அதற்கு முன் இருபது நிமிடமும் ஒருத்தரும் பயப்படவில்லை. அது ஏன் என்று புரிய எனக்குப் பத்து வருடம் ஆனது; ஒரு காதும் செலவானது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

வாட்ச்மேன் கேட்ட மூச்சு

படித்து முடித்து ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். கம்ப்ரஸர் ஹாலில் அதிர்வு அளப்பது என் வேலை. ஒருநாள் இரவு ஷிப்டில் வயதான வாட்ச்மேன் ஒருவர் வந்து, "சார், அந்த ஃபேன் ரூம்ல யாரோ மூச்சு விடுறாங்க சார். நான் அந்தப் பக்கம் ரவுண்ட்ஸ் போக மாட்டேன்" என்றார். "வாங்கண்ணே, பார்ப்போம்" என்று கூட்டிப் போனேன். கதவருகே நின்றதும் எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. ஹூம்... என்று எழுந்து அடங்குகிறது, மறுபடி ஹூம்... சரியாக இரண்டு விநாடிக்கு ஒரு தடவை.

மீட்டரை வைத்துப் பார்த்தேன். உள்ளே இரண்டு விசிறிகள், ஆளுக்கு ஆறு இறக்கை. ஒன்று நிமிடத்துக்கு 1,480 சுற்று, மற்றது 1,485. ஆறால் பெருக்கி அறுபதால் வகுத்தால் ஒன்று 148 ஹெர்ட்ஸ், மற்றது 148.5. வித்தியாசம் அரை ஹெர்ட்ஸ். இரண்டு அலைகளும் சேரும்போது ஓசை ஏறும், முரண்படும்போது இறங்கும். நாம் முதலாண்டு இயற்பியலில் படித்த 'விம்மல்'தான். பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வி. அதே விம்மல் இருட்டில், பூட்டிய அறைக்குள்ளிருந்து வந்தால் மூச்சு.

அண்ணனுக்கு விளக்கிச் சொன்னேன். ஒரு விசிறியை நிறுத்திக் காட்டினேன். மூச்சு நின்றது. அவர் சிரித்துவிட்டு ரவுண்ட்ஸ் போய்விட்டார். எனக்குத்தான் அது தலையை விட்டுப் போகவில்லை. சத்தம் அதே சத்தம். எங்கிருந்து வருகிறது என்று தெரியாதவரை பேய். தெரிந்த பிறகு ஃபேன்.

காது போன கதை

அந்த ஹாலில் நாலு வருடம் இருந்தேன். காதடைப்பான் சட்டைப் பையில் இருக்கும், காதில் இருக்காது. அதைப் போட்டால் மெஷின் பேசுவது கேட்காது என்று ஜம்பம். யார் மேலும் பழி இல்லை. கொடுத்தார்கள், நான்தான் போடவில்லை. ஒருநாள் வீட்டுக்கு வந்து படுத்தால் இடது காதில் 'ங்ஙீ...' என்று ஒரு ரீங்காரம். காலையில் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. இன்றைக்கும் போகவில்லை. இதோ உங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

காது டாக்டர் ஆடியோகிராம் எடுத்தார். கோடு நேராகப் போய் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளத்தில் விழுந்து எழுந்திருந்தது. "சத்தத்தில் வேலை செய்பவர்களுக்கு இங்கேதான் முதலில் விழும். போனது திரும்பி வராது, இருப்பதைக் காப்பாத்துங்க" என்றார். தம்பிகளே, இந்தக் கணக்கை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு: 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். தொழிற்சாலைக்கு மட்டுமல்ல, நீங்கள் காதில் மாட்டிக்கொண்டு திரியும் ஹெட்போனுக்கும் இதே கணக்குதான்.

ராத்திரி அமைதியானால் ரீங்காரம் பெரிதாகும். தூக்கம் வராது. மெல்லிய வேறு ஓசை ஓடிக்கொண்டிருந்தால் இது அமுங்கும் என்று டாக்டர் சொன்னார். லேப்டாப்பில் இலவசமாகக் கிடைத்த ஒரு சிந்தசைசர் மென்பொருளைப் போட்டேன். அந்த ஃபேன் ரூம் நினைவுக்கு வந்தது. 110 ஹெர்ட்ஸில் ஓர் அலை, 110.5-ல் ஓர் அலை. கூர்மையைக் குறைக்க ஒரு வடிகட்டி. ஹூம்... ஹூம்... பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

நடுச்சாமத்தில் என் மனைவி உலுக்கி எழுப்பினாள். "என்னங்க இது, பேய் வீட்ல படுத்திருக்கிற மாதிரி இருக்கு? முதல்ல நிறுத்துங்க." எனக்குத் தாலாட்டாக இருந்தது அவளுக்குப் பேயாக இருந்தது. ஏனென்றால் திருகைத் திருகியவன் நான். அடுத்த ஹூம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அந்த ராத்திரிதான் எனக்கு இரண்டு விஷயம் விளங்கியது. பயமுறுத்தும் இசை என்பது சத்தமான இசை அல்ல. எங்கிருந்து, எப்போது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லாத இசை. எங்கள் நாடகத்தில் நான் இடியும் ஆர்கனும் போட்டு இரண்டு கேள்விக்கும் முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டேன். பேய் வருவதற்கு இருபது நிமிடத்துக்கு முன்பே, 'பேய் வருது பேய் வருது' என்று தண்டோரா போட்டாகிவிட்டது. அப்புறம் யார் பயப்படுவார்கள்?

முன்னோர் செய்த வேலை

அதற்குப் பிறகு இந்தக் கலையைத் தேடித் தேடிக் கேட்டேன். இதில் பாதிப் பேர் நம் இனம், பொறியாளர் இனம்!

1920 வாக்கில் ரஷ்ய இயற்பியலாளர் லெவ் தெர்மின் ஒரு கருவி செய்தார். ரேடியோ அலைவரிசையில் இரண்டு ஆஸிலேட்டர்கள். இரண்டும் நம் காதுக்கு எட்டாதவை. ஆனால் அவற்றின் வித்தியாசம் கேட்கும். ஆன்டெனா அருகே கையை நீட்டினால் ஓர் ஆஸிலேட்டரின் அலைவெண் மாறும், சுருதி வழுக்கிக்கொண்டு போகும். வாசிப்பவர் எதையும் தொடுவதில்லை. என் ஃபேன் ரூம் தத்துவம்தான், இன்னும் நேர்த்தியாக. 1945-ல் ஹிட்ச்காக்கின் 'ஸ்பெல்பவுண்ட்' படத்தில் மிக்லோஷ் ரோஷா இதைப் பயன்படுத்தி ஆஸ்கர் வாங்கினார்.

1956-ல் 'ஃபர்பிடன் பிளானெட்' படத்துக்கு லூயி பாரன், பீபீ பாரன் என்ற தம்பதி முழுக்க முழுக்க மின்னணு ஒலியாலேயே இசையமைத்தார்கள். வீட்டிலேயே வால்வு சர்க்யூட் கட்டுவார்கள். தாங்கும் அளவுக்கு மேல் ஓட்டுவார்கள். அது அலறி, முனகி, சிலசமயம் எரிந்தே போகும். அந்தக் கடைசி ஓலத்தை டேப்பில் பிடித்து வைத்துக்கொள்வார்கள். நம் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் செய்தால் ஃபைன் போடுவார்கள். படத்தில் அதை 'இசை' என்றுகூடப் போடவில்லை; 'எலெக்ட்ரானிக் டோனாலிட்டீஸ்' என்றுதான் பெயர் போட்டார்கள்.

மறுபக்கம், கருவி எதுவும் புதிதாகச் செய்யாமலே நடுங்க வைத்தவர் பெர்னார்ட் ஹெர்மன். 1960-ல் வந்த 'சைக்கோ' படத்துக்கு வெறும் தந்திக் கருவிகள் மட்டும்தான். குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொன்னார். ஹெர்மன் கேட்காமல் எழுதினார். கேட்ட பிறகு இயக்குநர் மனம் மாறினார். ஏன் அந்த வயலின் கீச்சொலி நம்மைக் குத்துகிறது? மனிதக் காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான் மிகக் கூர்மையாகக் கேட்கும். 2015-ல் வெளியான ஓர் ஆய்வு, மனிதனின் அலறலில் விநாடிக்கு 30 முதல் 150 தடவை வரை ஒலி ஏறி இறங்கும் ஒரு சொரசொரப்பு இருப்பதாகவும், சாதாரணப் பேச்சில் அது இல்லை என்றும் காட்டியது. கூர்மையும் சொரசொரப்பும் சேர்ந்தால் மூளை 'ஆபத்து' என்று எழுந்து உட்கார்ந்துவிடும்.

போலந்துக்காரர் பெண்டெரெட்ஸ்கி அதே காலத்தில் 52 தந்திக் கருவிகளை எடுத்துக்கொண்டார். ஆளுக்கொரு சுரம், கால் சுர இடைவெளியில் அடுக்கி ஒரே நேரத்தில் வாசிக்க வைத்தார். ராகமும் இல்லை, தாளமும் இல்லை, ஒரு பெரிய ஒலிப் புகைதான். ஹிரோஷிமாவில் மாண்டவர்களுக்கான இரங்கல் என்று பிற்பாடு அதற்குப் பெயர் வைத்தார். மின்சாரமே இல்லாமல் மரமும் தந்தியும் சிந்தசைசர் மாதிரிப் பேசும் என்று அது எனக்குச் சொல்லித் தந்தது.

இந்த இரண்டு பக்கத்தையும் கலந்தவர்களில் எனக்குப் பிடித்தவர் ஜெர்ரி கோல்ட்ஸ்மித். 1979-ல் வந்த 'ஏலியன்' படத்தில் பெரிய ஆர்கெஸ்ட்ராவோடு சங்கையும் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிஜெரிடூவையும் சேர்த்தார். ஒலியை எக்கோ எந்திரத்தில் விட்டு எதிரொலிக்க வைத்தார். சங்கு! நம்மூரில் அது கோயிலிலும் ஊதப்படும், இறுதி ஊர்வலத்திலும் ஊதப்படும். இரண்டுக்கும் நடுவே எது என்று தெரியாத அந்த அரை நொடி இருக்கிறதே, அதுதான் விஷயம்.

பணம் இல்லையே என்று சொல்பவர்களுக்கு ஜான் கார்பென்டர். 1978-ல் 'ஹாலோவீன்' படத்தை எடுத்தவரும் அவரே, இசையும் அவரே. சுமார் மூன்று லட்சம் டாலர்தான் பட்ஜெட். இசை சேர்க்காமல் ஒரு ஸ்டுடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டினால் அவர் பயப்படவே இல்லையாம். பியானோவும் சிந்தசைசரும் வைத்து இசையை முடித்தார். அப்பா சிறுவயதில் சொல்லித் தந்த 5/4 தாளம். நம் கணக்கில் பத்து மாத்திரை. மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு. நாலு நாலாக எண்ணிப் பழகிய காது, ஒவ்வொரு சுற்றிலும் படியில் கால் வழுக்கியது மாதிரித் தடுமாறும்.

சமீபத்தியவர் ஐஸ்லாந்தின் ஹில்டுர் குட்னடாட்டிர். 2019-ல் வந்த 'செர்னோபில்' தொடருக்காக, லித்துவேனியாவில் மூடப்பட்ட இக்னலினா அணுமின் நிலையத்துக்குள் போனார். அங்கே பதிவு செய்த ஒலிகளையும் மனிதக் குரலையும் வைத்தே இசையைக் கட்டினார். கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அதைக் காதுக்குத் தெரிய வைத்தார். அதைக் கேட்ட அன்று என் பழைய கம்ப்ரஸர் ஹால் ஞாபகம் வந்து அழுதுவிட்டேன். உண்மையாகச் சொல்கிறேன்.

நான் செய்யும் முறை

சரி, தம்பிகளுக்குப் பயன்படும்படி நான் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன்.

முதலில் தரை. 55 ஹெர்ட்ஸ், 55.2 ஹெர்ட்ஸ், இரண்டு ரம்பப்பல் அலைகள். ஐந்து விநாடிக்கு ஒரு விம்மல். வடிகட்டியை 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வைத்து, கேட்பவருக்கே தெரியாத வேகத்தில் ஒரு நிமிடம் எடுத்துத் திறப்பேன். ஆள் நுழைவது தெரியக்கூடாது. இருக்கிறார் என்பது மட்டும் தெரிய வேண்டும்.

அதன் மேல் ஓர் உயிருள்ள கருவி. எனக்குக் கர்நாடக வயலின் வாசிக்கும் நண்பன் ஒருவன் இருக்கிறான். "வில்லைக் குதிரைக்கு ஒட்டி வைத்து மெதுவா இழு" என்றேன். அப்படி இழுத்தால் அடிப்படைச் சுரம் மெலிந்து மேல் ஒத்திசைகள் மட்டும் கண்ணாடி மாதிரிக் கீறும். செய்தான். ஆனால் பழக்கதோஷம், கமகம் வந்து ஒட்டிக்கொள்கிறது. "கமகம் இல்லாம வாசிடா." "அப்படி வாசிச்சா உயிர் இருக்காதேடா." "அதான்டா வேணும்!"

இப்போது முக்கியமான வேலை, ஒட்டுவது. வில் ஒரு முனையில் முடிந்து திரும்பியாக வேண்டும். புல்லாங்குழல்காரர் மூச்சு வாங்கியாக வேண்டும். மனிதன் வாசித்தால் இந்தத் தழும்பு இருக்கும். சிந்தசைசருக்கு வில்லும் இல்லை, மூச்சும் இல்லை. ஆகவே, வயலின் ஓய்கிற இடத்தில் அதே சுருதியில் சிந்தசைசரை நுழைத்துவிடுவேன். மனிதன் எங்கே முடிந்தான், மெஷின் எங்கே ஆரம்பித்தது என்று காது தேடும். கிடைக்காது. சிந்தசைசர் மட்டும் போட்டால் 'ஓ, மெஷின்' என்று காது ஓய்ந்துவிடும். வயலின் மட்டும் போட்டால் 'ஓ, கச்சேரி' என்று ஓய்ந்துவிடும். இரண்டும் கலந்தால்தான் ஓயாது. இரண்டும் எனக்கு வேண்டியிருப்பது இதனால்தான்.

அடுத்தது தூரம். பெரிய கூடத்தில் தொலைவில் ஒருவர் பேசினால் எதிரொலி அதிகம், நேரொலி குறைவு. காதருகே பேசினால் தலைகீழ். ஆகவே, சத்தத்தின் அளவைக் கூட்டாமல் எதிரொலியை மட்டும் மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தால், தொலைவில் இருந்தது பக்கத்தில் வந்து நிற்கும். ஒரு பொத்தான்தான். முதல் தடவை செய்து பார்த்தபோது நானே திரும்பிப் பார்த்தேன்.

கடைசியாக, நிறுத்துவது. பேய் வரும் இடத்தில் நான் இப்போது எதையும் வாசிப்பதில்லை. அதற்கு மூன்று விநாடி முன்பே எல்லாவற்றையும் நிறுத்திவிடுவேன். அவ்வளவு நேரம் ஓடிய ஹூம் நின்றதும், அது ஓடியதே அப்போதுதான் பலருக்குத் தெரியும்.

ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். நான் செய்ததில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதை என் இடது காது சரியாகக் கேட்காது. ஒரு குறும்படத்துக்கு நான் போட்ட இசையில் கீச்சொலியை அளவுக்கு மீறிக் கூட்டி வைத்திருந்தேன்; எனக்குக் கேட்கிற அளவுக்கு வைத்ததால் வந்த வினை. திரையிட்ட அன்று முன்வரிசையில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழுதது. பயத்தால் அல்ல, வலியால். வெட்கமாகிவிட்டது. அன்றிலிருந்து முடித்த இசையை மானியில் பார்த்துச் சரிசெய்வேன், பிறகு என் மனைவியிடம் கொடுப்பேன். அவள் "சரி" என்று சொன்னால்தான் வெளியே போகும். முதல் ராத்திரி நிறுத்தச் சொன்னவள்தான் இன்று என் காது.

தம்பி தங்கைகளே, நாடகக் குழுவினர் இந்த ஆண்டு மறுபடி ஒரு பேய் நாடகம் போடப் போவதாகச் செயலாளர் சொன்னார். சிந்தசைசருக்குக் காசில்லை என்று நிற்காதீர்கள். விடுதித் தண்ணீர்த் தொட்டியின் பம்பைப் பதிவு செய்யுங்கள். மெஸ் இரும்புக் கதவை மெதுவாகத் திறந்து பதிவு செய்யுங்கள், பாதி வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். உங்களில் வயலின் வாசிப்பவரைத் தேடிப் பிடியுங்கள். லேபில் சிக்னல் ஜெனரேட்டர் இருக்கிறது. பேராசிரியரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், எரித்துவிடாதீர்கள். எழுதித் தரச் சொன்னால் நான் தரமாட்டேன். கூட வந்து உட்காரச் சொன்னால் எந்தச் சனிக்கிழமை வேண்டுமானாலும் வருகிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை. ஒத்திகைக்கு வரும்போது வாசலில் எல்லாருக்கும் ஆளுக்கொரு ஜோடி காதடைப்பான் கொடுப்பேன். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் அதைச் சட்டைப் பையில் வைக்கக்கூடாது. காதில் வைக்க வேண்டும்.

நேரம் தாண்டிவிட்டது, மதியச் சாப்பாட்டு வாசனை வருகிறது. 2008-ல் சிரித்தவர்களுக்கு நன்றி.